வெட்டிய ஆறு நொடி

9 ஜூலை 2024, செவ்வாய்

காலை 11.20. திருச்சி, பொன்மலை. இசைத்தட்டுகள் 23. விரிசல் விட்டது ஒன்று, விளிம்பு தெறித்தவை நான்கு, மீதி பரவாயில்லை. 22 தட்டுகள் வெளிநாட்டுச் சரக்கு: பழைய ப்ளூஸ், பழைய ஜாஸ் பாண்டு. வேறு எங்காவது கிடைத்துவிடும். இருபத்து மூன்றாவதுதான் விஷயம். லேபிளில் 'ஷண்டிங் பாய்ஸ், பொன்மலை. லேட் ரன்னிங் ப்ளூஸ். 1952' என்று இருக்கிறது. ரயில்வே ஆட்கள் ஏழு பேர் மெட்ராஸ் போய்ப் பதிவு செய்த தட்டு. இன்னொரு பிரதி இருப்பதாக யாருக்கும் தெரியவில்லை. எங்கள் ஒலிக் காப்பகத்தை நடத்தும் வைஜயந்தி மேடத்துக்குப் போனில் படம் அனுப்பினேன். பதிலுக்குப் பதினோரு ஆச்சரியக்குறி.

தட்டுகளின் சொந்தக்காரர் ஜெர்த்ரூத். 86 வயது. ரயில்வேயில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். தட்டுகளை வாங்கிச் சேர்த்தவர் அவருடைய அண்ணன் சவரிமுத்து, திருச்சி ஜங்ஷனில் டிக்கெட் கலெக்டர். ஷண்டிங் பாய்ஸில் அவரும் ஒருவர். இறந்து வெகுகாலம் ஆகிறது. ஜெர்த்ரூத் அம்மா தனியாக இருக்கிறார். மகன் கிளமெண்ட் பெங்களூரிலிருந்து இதற்காக வந்திருந்தார். கையெழுத்தெல்லாம் அவர்தான் போட்டார்.

அம்மா விடவில்லை.

"தம்பி, கேட்டுக்க. எங்க ட்ரம்ஸ்காரனுக்கு மஞ்சக்காமாலை. மெட்ராசுக்கு வரல. என்னடா பண்றதுன்னு எல்லாம் முழிக்குது. எங்கண்ணன் என்ன பண்ணுச்சு தெரியுமா? கோட்டுப் பையிலேருந்து டிக்கெட் வெட்டுற பஞ்ச்சை எடுத்துச்சு. டக்கு, டக்குன்னு அதையே தாளமா போட்டுருச்சு. நடுவுல ஒரு எடத்துல எல்லாரும் நிறுத்திருவாங்க. அண்ணன் மட்டும் தனியா."

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்காம? பெஞ்சுல உக்காந்திருந்தேன். பதினாலு வயசு. இருமுன, கழுத்தை நெரிச்சிருவேன்னாரு ரெக்கார்டிங்காரரு. மூணு நிமிஷம் மூச்சே விடல நானு."

கிளமெண்ட் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு விரலால் நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டினார். "அம்மா, சாருக்கு ட்ரெயினுக்கு நேரமாச்சு."

"ட்ரெயினு லேட்டு. அவரு உக்காரட்டும்."

அலமாரிமேல் சாவி கொடுக்கிற கிராமஃபோன் ஒன்று, குழாய்க்குள் பிளாஸ்டிக் பூ செருகப்பட்டு நின்றது. எடுத்துக்கொண்டு போகிறாயா என்று அம்மா கேட்டார். இடத்தை அடைக்கும், வேண்டாம் என்றேன்.

ரயில் நாற்பது நிமிடம் லேட்.

12 ஜூலை, வெள்ளி

தட்டுகளைக் கழுவி முடித்தேன். பாத்திரம் துலக்கும் சோப்பு இரண்டு சொட்டு, காய்ச்சி வடித்த தண்ணீர், மெல்லிய பிரஷ். அரக்குத் தட்டில் ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும்; இதுகூடத் தெரியாமல் இணையத்தில் பாடம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

மதியத்திலிருந்து தட்டுகளைக் கணினிக்கு ஏற்றுகிறேன். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், ஊசி மாற்ற இரண்டு நிமிடம். சலிப்பான வேலை. ஒலி மீட்டர் பச்சையில் நின்றால் போதும். போனில் மேட்ச் ஓடியது.

17 ஜூலை, புதன்

ஷண்டிங் பாய்ஸ் தட்டைச் சுத்தம் செய்தேன். மற்ற 22க்கும் போட்ட அதே அமைப்புதான்: முதலில் கீறல் சத்தம் நீக்கும் மென்பொருள், பிறகு இரைச்சல் குறைப்பு. முடிவு பிரமாதம். எழுபத்திரண்டு வருஷத்து அழுக்கு போய்விட்டது. ட்ரம்பெட் எதிரில் நின்று ஊதுவதுபோல் கேட்கிறது. பியானோவின் இடது கைகூடத் தனியாகத் தெரிகிறது. பாடுகிற ஆள் ரயில் தாமதமானதற்குக் காதலியிடம் மன்னிப்புக் கேட்கிறான்.

ஒரு குறை. இரண்டாவது நிமிடத்தில் எல்லாரும் நிறுத்திவிடுகிறார்கள். ஆறு நொடி ஒன்றுமில்லை. யாரோ இடத்தை மறந்துவிட்டார்கள்போல. பொழுதுபோக்குக்கு வாசிக்கிறவர்கள்தானே. அந்த ஆறு நொடியை வெட்டி இரண்டு பக்கத்தையும் ஒட்டினேன். ஒட்டு தெரியவே இல்லை.

18 ஜூலை, வியாழன்

தண்ணீர் கேன்காரர் இன்றும் வரவில்லை.

21 ஜூலை, ஞாயிறு

பாட்டைக் கிளமெண்டுக்கு அனுப்பியிருந்தேன். அவர் தன் அம்மாவுக்குப் போனில் போட்டுக் காட்டியிருக்கிறார். மதியம் அம்மாவே கூப்பிட்டார்.

"தம்பி, நல்லா பளிச்சுன்னு இருக்கு. ஆனா பஞ்ச் எங்க?"

"இல்லீங்கம்மா. தட்டுல அது இல்ல."

"அதெப்படி இல்லாம போவும்?"

"பஞ்ச் சத்தம் மைக்ல பதிவாகியிருக்காது. இல்ல, வேற பாட்டுக்கு வாசிச்சிருப்பாரு. இவ்ளோ வருஷமாச்சு, ஞாபகம் கலந்துபோயிரும்."

"ஒரே பாட்டுதான் தம்பி பண்ணாங்க. நடுவுல அண்ணன் தனியா வாசிச்சுதே, அது?"

"அந்த எடத்துல ஒண்ணுமே இல்லம்மா. கிராஃப் போட்டே பாத்துட்டேன். வேணும்னா படம் அனுப்புறேன்."

அம்மா கேட்டார்: "தட்டு ஓடுறப்ப நீ கேட்டியா? உன் காதால?"

"முழுசா கேட்டேன்மா."

"சரி தம்பி. நீ படிச்சவன். கேட்டுட்டுச் சொல்ற."

படத்தைக் கிளமெண்டுக்கு அனுப்பினேன். ஆறு நொடி இடத்தைச் சிவப்புக் கட்டம் போட்டுக் காட்டியிருந்தேன்.

22 ஜூலை, திங்கள்

காப்பகம் இந்தப் பாட்டை வெளியிடுகிறது; அதற்கான குறிப்பு எழுதினேன். கடைசி வரி: 'தாளக் கருவி இல்லாமல் வாசித்திருப்பதால் குழு ஓரிடத்தில் தடுமாறுகிறது, அப்பகுதி சீர்செய்யப்பட்டுள்ளது.' வைஜயந்தி மேடம் 'தடுமாறுகிறது' என்பதற்குக் கீழே கோடிட்டு, கடுமையாக இருக்கிறதே என்றார். உண்மைதானே என்றேன். விட்டுவிட்டார்.

துணி துவைத்தேன். இரண்டு சட்டை சாயம் போய்விட்டது.

27 ஜூலை, சனி

வெளியீடு. அறை நிறைந்துவிட்டது, பின்னால் சிலர் நின்றார்கள். லேட் ரன்னிங் ப்ளூஸ் முடிந்ததும் கைதட்டல் நிற்கவே இல்லை. மேடம் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். நின்றேன்.

டீ குடிக்கும்போது கீபோர்டு வாசிக்கிற பெண் ஒருத்தி வந்தாள். "பாட்டு முழுக்க ஒவ்வொரு சுற்றும் பன்னெண்டு பார் வருது, நாலு நாலு அடியா. ப்ளூஸ்னா அப்படித்தான். ஒரே ஒரு சுற்று மட்டும் எட்டுல முடிஞ்சிருது. நாலு பார் எங்க போச்சு?"

"அவங்க தப்பா வாசிச்சிருக்காங்க."

"ஏழு பேரும் சேர்ந்து ஒரே மாதிரி தப்பாவா? அப்படித் தப்பு பண்றதுக்கே நல்ல ரிகர்சல் வேணுமே" என்று சிரித்தாள்.

அதிகப்பிரசங்கி. சமோசா ஆறிப்போயிருந்தது.

30 ஜூலை, செவ்வாய்

கிளமெண்ட் கூப்பிட்டார். நன்றி சொல்லத்தானாம்.

"அம்மாவ டாக்டர்கிட்ட காட்டினோம் பரிதி. மறதி இருக்கான்னு பாக்குறவரு. வீட்ல ரெண்டு தடவை கேஸை மூட மறந்துட்டாங்க. ஆனா மறதின்னு ஒத்துக்கவே மாட்டாங்க. நடக்காததையெல்லாம் நடந்துச்சும்பாங்க. உங்க கிராஃப் படத்தை டாக்டர்கிட்ட காட்டினேன். இன்ஜினியரே கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லிட்டாரு, தட்டு ஓடுறப்ப முழுசா கேட்டாராம், அப்படி ஒரு சத்தமே இல்லைன்னு சொன்னேன். அம்மா பக்கத்துல உக்காந்திருந்தாங்க."

"ம்."

"வீட்டுக்கு வந்ததும் அவங்களாவே சொல்லிட்டாங்க, 'நான்தான் கற்பனை பண்ணிட்டேன்போல, நீ சொல்ற எடத்துக்கே வரேன்'னு. இத்தனை வருஷ சண்டை, ஒரே படத்துல முடிஞ்சுது. பெங்களூர்ல நல்ல முதியோர் இல்லம் ஒண்ணு பாத்திருக்கேன். ஆகஸ்ட் பதினெட்டு கூட்டிட்டுப் போறேன்."

என் வேலை ஒலி. மருத்துவம் இல்லை. கேஸை மூடாமல் விட்டதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. கிளமெண்ட் கெட்டவரும் இல்லை. தினமும் மூன்று வேளை அம்மாவுக்குப் போன் பண்ணுகிறவர்.

இரவுச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை. மதியம் சாப்பிட்ட பிரியாணிதான் காரணம்.

2 ஆகஸ்ட், வெள்ளி

அந்தக் கீபோர்டுக்காரியின் வாயை அடைக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். விரல் விட்டு எண்ணினேன். பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு, எட்டு, பன்னிரண்டு. சுத்தம் செய்தபின், வெட்டுவதற்கு முன் சேமித்த கோப்பைத் திறந்து எண்ணினேன். ஆறு நொடியையும் சேர்த்தால் அந்தச் சுற்றும் பன்னிரண்டுதான். நான்கு பார் அமைதி, பிசகில்லாமல். பிறகு எல்லாரும் ஒரே அடியில் உள்ளே வருகிறார்கள். மறந்துபோனவர்கள் அப்படி வர முடியாது. நடுவில் யாரோ அவர்களுக்குக் காலம் எண்ணிக் கொடுத்திருக்க வேண்டும்.

மென்பொருளில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. டிக் போட்டால் மிச்சம் வைத்ததை விட்டுவிட்டு, நீக்கியதை மட்டும் ஒலிக்கும். மூன்று வருடமாக இந்த வேலை பார்க்கிறேன், அதைத் தொட்டதில்லை. குப்பைக்கூடையை யார் கிளறுவார்கள்?

டிக் போட்டேன்.

கடுகு பொரிகிற மாதிரி கீறல் சத்தம். அதற்கு நடுவே, டக். டக். ஒவ்வொரு பாரிலும் இரண்டாவது அடி, நாலாவது அடி. ட்ரம்பெட் இல்லை, பியானோ இல்லை, பாட்டு இல்லை. ஓர் ஆள் மட்டும் ஒரு டிக்கெட் பஞ்ச்சை வைத்துக்கொண்டு எழுபத்திரண்டு வருஷமாக வாசித்துக்கொண்டிருக்கிறார். அவரை மட்டும் அள்ளி வெளியே போட்டிருக்கிறது மென்பொருள். குட்டையான, கூர்மையான சத்தம் எல்லாம் அதற்குக் கீறல்தான். அதன்மேல் தப்பில்லை. நான் சொன்னதைச் செய்தது.

அந்த இடம் வந்தது. முதலில் நிதானமாக இரண்டு. அப்புறம் வரிசை நீண்டுவிட்டதுபோல் படபடவென்று ஒரு பத்து, பன்னிரண்டு. ஒரு நிறுத்தம், டிக்கெட் இல்லாதவன் எதிரே நின்று முழிக்கிற மாதிரி. பிறகு மூன்று அழுத்தமான வெட்டு. உள்ளே வாருங்கள் என்று மற்றவர்களைக் கூப்பிடுகிற மூன்று. ஆறு நொடி. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

அந்த அம்மா சொன்னதில் ஒரு சொல்கூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

3 ஆகஸ்ட், சனி

போன் பண்ணவில்லை. வண்டிக்குச் செயின் மாற்ற வேண்டியிருந்தது.

4 ஆகஸ்ட், ஞாயிறு

போன் பண்ணவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போயிருப்பார்கள்.

புதிதாக ஒரு கோப்பு தயார் செய்தேன். கீறலைக் கையால் ஒவ்வொன்றாக எடுத்து, பஞ்ச்சை விட்டுவிட்டு. முன்னதைவிட அழுக்காக இருக்கிறது. முன்னதைவிட நன்றாக இருக்கிறது. தாளம் வந்ததும் பாடுகிறவனின் குரலே வேறு மாதிரி கேட்கிறது. அவன் மன்னிப்புக் கேட்கவில்லை, கிண்டல் பண்ணுகிறான். பாட்டின் அர்த்தத்தையே நான் மாற்றியிருக்கிறேன்.

6 ஆகஸ்ட், செவ்வாய்

வைஜயந்தி மேடத்திடம் சொன்னேன். இரண்டையும் போட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஏற்றும்போது நீ கேக்கலையா பரிதி?"

"ஹெட்போன் சரியில்ல மேடம்."

"சரி. திருத்தின பதிப்பு போட்டுரலாம். அந்தக் குறிப்பையும் எடுத்துரு. அந்தம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"நாலு நாளா வச்சிருக்க."

"நேர்ல போய்ச் சொல்லலாம்னு."

இது அந்த நிமிடம் தோன்றியது. ஹெட்போனுக்கு ஒரு குறையும் இல்லை. போன வருஷம்தான் வாங்கியது.

10 ஆகஸ்ட், சனி

பொன்மலை. வீட்டுக் கூடத்தில் அட்டைப்பெட்டிகள். கிளமெண்ட் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். அம்மா நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். போனமுறை வாய் ஓயாதவர், இந்தமுறை "வா தம்பி" என்றதோடு சரி. கிராமஃபோன் 'வேண்டாதது' என்று ஒதுக்கிய பக்கம் இருந்தது, பூவோடு.

"அம்மா, பஞ்ச் இருக்கும்மா. தட்டுல இருக்கு. சாஃப்ட்வேர் எடுத்துருச்சு" என்றேன்.

கிளமெண்ட் டேப் ஒட்டுவதை நிறுத்தினார்.

ஸ்பீக்கரை மேசைமேல் வைத்துப் போட்டேன். முழுப் பாட்டு. ஆறு நொடி வந்தது, போனது. பாட்டு முடிந்தது. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன். அழுவார் என்றுகூட நினைத்து, அதற்கு என்ன செய்வது என்று ரயிலில் யோசித்துக்கொண்டு வந்தேன்.

"நல்லாருக்கு தம்பி. ரொம்ப சிரமப்பட்டிருக்க."

"நான் எதும் பண்ணலம்மா. இது தட்டுலயே இருந்தது."

"கெழவி மனசு நோகக் கூடாதுன்னு சேர்த்திருக்க. கம்ப்யூட்டர்ல என்ன வேணா சேர்க்கலாமாமே, கிளமெண்ட் சொல்லுவான்."

"சத்தியமா சேர்க்கலம்மா."

"சத்தியம்லாம் எதுக்கு? அன்னைக்கு நீதான சொன்ன, தட்டு ஓடுறப்ப முழுசா உன் காதால கேட்டேன்னு. காதால கேட்டப்ப இல்லாதது இப்ப எங்கேருந்து வரும்? கருவி தப்பு பண்ணும். கேட்ட காதுமா தப்பு பண்ணும்?" என் கையைத் தட்டிக் கொடுத்தார். "டெலிபோன்ல முப்பத்தாறு வருஷம் இருந்தவ நான். கேட்டேன்னு ஒருத்தர் சொன்னா நம்பணும். இல்லாட்டி லைனே ஓடாது."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கேட்கவில்லை, மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று. எட்டுச் சொல்கூட இருக்காது. கிளமெண்ட் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் வரைக்கும் வந்தது. "சாஃப்ட்வேர்தாம்மா" என்று மறுபடி அதையே சொன்னேன்.

"வுடு தம்பி. காப்பி குடிக்கிறியா? கிளமெண்ட், அடுப்பை நீ பத்தவை. நான் தொட மாட்டேன்."

கிளமெண்ட் அடுப்படிக்குப் போனார். பாட்டு மறுபடி ஆரம்பித்துவிட்டது. நான் நிறுத்த மறந்திருந்தேன். அம்மா ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். நாற்காலிக் கையில் அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து சேர்ந்து பிரிந்தன. இரண்டாவது அடி, நாலாவது அடி. அந்த ஆறு நொடியில் அந்த விரல்கள் சத்தத்தோடு போகவில்லை. சத்தத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் போயின.

பாட்டு முடிந்ததும் மடியில் கையைக் கோத்துக்கொண்டு, "ஏதோ எனக்குத்தான் அப்படி ஒரு நெனப்பு" என்றார்.

காப்பியில் சர்க்கரை இருந்ததா என்று நினைவில்லை. கிளமெண்ட் வாசல் வரை வந்து, "என்ன பரிதி, எதை நம்புறது நான்? டாக்டர்கிட்ட என்ன சொல்றது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அவருக்கும் நிஜமாகத் தெரிய வேண்டியிருந்தது. திங்கள்கிழமை கூப்பிடுகிறேன் என்றேன்.

ரயில் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது. ஒளிந்துகொள்ள ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை.

11 ஆகஸ்ட், ஞாயிறு

இந்த நாட்குறிப்பை முதலிலிருந்து படித்தேன். 12 ஜூலையில் 'போனில் மேட்ச் ஓடியது' என்று எழுதியிருக்கிறேன். நான் பார்த்தேன் என்றுகூட எழுதவில்லை. ஓடியதாம். அதுவாக. 6 ஆகஸ்டில் ஹெட்போன். நேற்று சாஃப்ட்வேர். என்னைத் தவிர எல்லாவற்றின்மேலும் பழி போட்டிருக்கிறேன்.

கேஸை மூட மறந்தது மறதிதான். அதை நான் மறுக்க முடியாது. அவர் எங்கே இருக்க வேண்டும் என்பதும் நான் முடிவு பண்ணுகிற விஷயமில்லை. ஆனால் தன் கண்ணால் பார்த்ததை, காதால் கேட்டதை, ஒரு மனுஷி 'நெனப்பு' என்று சொல்லிவிட்டு பெங்களூருக்குப் போகக் கூடாது. அதற்குக் காரணம் மறதி இல்லை. 'முழுசா கேட்டேன்மா' என்று நான் சொன்ன இரண்டு சொல்.

பதினெட்டுக்கு ஏழு நாள் இருக்கிறது. செய்ய வேண்டியவை:

1. நாளை காலை வைஜயந்தி மேடத்திடம்: ஹெட்போன் நன்றாகத்தான் இருந்தது என்று சொல்வது. தட்டை இரவலாகக் கேட்பது. எஃகு ஊசி போட்டால் தட்டு தேயும், வெளியே கொடுக்கும் வழக்கமும் இல்லை. தெரியும். ஒரே ஒரு தடவை என்று கேட்பது. இல்லை என்றால் உட்கார்ந்து மறுபடி கேட்பது.

2. கிளமெண்டுக்குப் போன். 'நான் கேட்கவில்லை, கேட்டேன் என்று பொய் சொன்னேன்.' இந்த வாக்கியத்தில் மென்பொருள், கருவி, கிராஃப் எதுவும் வரக் கூடாது. கிராமஃபோனை எடைக்குப் போட வேண்டாம் என்று சொல்வது. டாக்டருக்கும் இதே வாக்கியத்தை எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புவது.

3. மூர் மார்க்கெட்டில் கிராமஃபோன் ஊசி ஒரு டப்பா. கிராமஃபோன் சாவிக்கு எண்ணெய்.

4. வெளியீட்டுப் பக்கத்தில் 'தடுமாறுகிறது' வரியை எடுப்பது. அந்த இடத்தில்: 'டிக்கெட் பஞ்ச்: சவரிமுத்து. தகவல்: ஜெர்த்ரூத், பதிவின்போது அறையில் இருந்தவர்.' கீபோர்டுக்காரிக்கு அந்த நாலு பாரையும் அனுப்பி, எங்கே போச்சு என்று சொல்வது.

5. புதன்கிழமை பொன்மலை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு போவது. மேலே பெர்த்தில் வைக்கக் கூடாது.

6. அம்மாவிடம் முதலில் பொய்யைச் சொல்வது. பாட்டு அப்புறம். திட்டினால் வாங்கிக்கொள்வது.

7. கணினியைக் கொண்டுபோகக் கூடாது. ஸ்பீக்கரும் கூடாது. பூவை எடுத்துவிட்டுக் குழாயைத் துடைப்பது. ஊசியை அவர் கையால் வைக்கச் சொல்வது.

8. அந்த ஆறு நொடி வரும்போது எதையும் சுட்டிக்காட்டக் கூடாது. பெஞ்சில் உட்கார்ந்து கேட்பது. இருமக்கூடக் கூடாது.